கடைசியில் பாடுகிறவன்

மழை விட்டதும் குளத்துத் தவளைகள் பாட்டை நிறுத்திவிட்டன. பூச்சி பிடிக்க வயலுக்குப் போயிருந்த பாட்டு வாத்தியார் தவளைக்கு, அந்தச் சத்தம் நின்றதும் குளம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வரப்பெல்லாம் முங்கிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது.

அப்போது ஒரு கரகரத்த குரல் மட்டும் விடாமல் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே தத்தித் தத்திக் குளத்துக்கு வந்து சேர்ந்தார்.

படிக்கட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவன் அவருடைய பழைய மாணவன். வகுப்பில் எல்லாரும் அவனைத் தகரத்தொண்டை என்பார்கள்.

"எல்லாரும் நிறுத்தியாச்சே, நீ ஏம்ப்பா இன்னும் பாடுற?"

"நீங்கதானே சார் சொன்னீங்க. எனக்கு அப்பத்தான் வால் விழுந்திருந்துச்சு. இதே படிக்கட்டு, இதே பாசி வாசம். 'எல்லாரும் முடிச்சப்புறம் நீ பாடு'ன்னீங்க. பிந்தி வர்றவங்களுக்கு ஒரு குரல் வேணும்னுதான் என்னை நம்பிச் சொல்றீங்கன்னு நெனச்சு, அன்னைக்குச் சந்தோஷத்துல எனக்குத் தூக்கமே வரல. அதுக்கப்புறம் ஒரு மழையையும் நான் விட்டதில்ல சார்."

வாத்தியாருக்கும் அந்த நாள் நினைவிருந்தது. இந்தக் குரல் சேர்ந்தால் மற்றவர்களின் பாட்டும் கெட்டுவிடும் என்றுதான் அவனை ஒதுக்கிவைத்தார்.

அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தகரத்தொண்டை அடுத்த அடியைத் தொடங்கிவிட்டான். வயல் பக்கமிருந்து இன்னும் இரண்டு தவளைகள் அந்தக் குரலைப் பிடித்து வந்துகொண்டிருந்தன.

வாத்தியார் அவனுக்கு ஒரு படி கீழே போய் உட்கார்ந்தார்.

"அந்த அடியை எனக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுப்பா" என்றார்.