நோவோசிபிர்ஸ்க் திருடன்

"ஆக்மரலோட பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தீங்க எஜே?"

எஜே, அதாவது அக்கா என்று மரியாதையாக அழைத்தாலும் சைகல் சுற்றி வளைக்கவில்லை. ஜலால்-அபாத் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் டீச்சர் அவள். பிள்ளைகளின் மார்க்கும் வருகையும் ஏறுகிற இணையதளத்துக்குக் காவலும் அவள்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த புருல்சா பதறினாள்.

"யாருக்கும் கொடுக்கலையே டீச்சர்! ஏன், என்ன ஆச்சு?"

"உங்க பொண்ணோட பக்கத்தைத் தினமும் யாரோ திறந்து பார்க்கறாங்க. இந்த ஊர்லேருந்து இல்ல. ரஷ்யாவுல, நோவோசிபிர்ஸ்க்லேருந்து."

ஊர்ப் பெயரைக் கேட்டதும், கூட வந்திருந்த அண்ணன் ஜோல்டோஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அவன்தான்! தாலாய்தான்! வேற எவனுக்கு அங்கேருந்து இங்க எட்டிப் பார்க்க வேண்டியிருக்கு?"

தாலாய், புருல்சாவின் புருஷன். சம்பாதிக்க என்று ரஷ்யா போனவன், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அன்றிலிருந்து புருல்சாவும் மகளும் அண்ணன் வீட்டில்தான். அந்த வீட்டில் தாலாய் பெயரை யாராவது எடுத்தால், ஜோல்டோஷ் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

அறையில் கூட இருந்த தலைமை ஆசிரியர் சமாதானமாகச் சொன்னார்: "இருங்க, இருங்க. பக், பக்னு ஏதோ சொல்வாங்களே, அதுவா இருக்கும். எங்க வீட்டு டி.வி.கூட அப்பப்ப அப்படித்தான் பண்ணுது."

"பக் இல்ல அகாய்," என்றாள் சைகல். "பக்னா எல்லார் பக்கத்துலயும் கோளாறு வரும். இது ஒரே ஒரு பொண்ணு பக்கம். அதுவும் சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் திறக்கறாங்க. ஹேக்கர் ஒண்ணும் வானத்துலேருந்து குதிக்கறதில்ல. நம்ம வாய் வழியாத்தான் உள்ள வர்றான்."

"உள்ள வந்து என்ன பண்றான்?" ஜோல்டோஷ் கேட்டார்.

"மார்க்கைப் பார்க்கறான், போயிடறான். வேற எதையும் தொடல."

"இன்னிக்குப் பார்ப்பான், நாளைக்கு அழிப்பான்!"

"அந்த அளவுக்கு விடமாட்டேன் பைகே." சைகல் புருல்சாவிடம் திரும்பினாள். "பழைய பாஸ்வேர்டு என்ன? ஆக்மரல் பிறந்த தேதியா?"

புருல்சா தலையைக் குனிந்தாள். "ஆமா."

"போச்சு! பெத்த அப்பனுக்கு அது தெரியாதா? நூத்துல தொண்ணூறு பேர் இப்படித்தான். கதவைப் பூட்டிட்டு சாவியைக் கதவுலயே மாட்டி வைக்கறது."

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "புதுசா ஒண்ணு போடுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம். பரீட்சை முடியற வரைக்கும் ஆக்மரலுக்கும் வேண்டாம். உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

சைகல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோல்டோஷும் திரும்பிக்கொண்டார்.

புருல்சா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். அழுத்தும்போதே பொரிந்து தள்ளினாள்.

"பொண்டாட்டி வேண்டாம், புள்ள வேண்டாம்னு போனவனுக்கு மார்க்கு எதுக்காம் மார்க்கு? இனி எட்டிப் பார்க்கட்டும் அவன், கண்ணு அவிஞ்சு போகட்டும்!"

"அப்படிச் சொல்லு!" என்றார் அண்ணன். அவருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அன்று ஆசிரியர் அறையில் டீயும் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளும் சாப்பிடும்போது சைகல்தான் பேச்சு.

"எனக்கு இந்த இன்டர்நெட்டே நம்பிக்கை இல்லம்மா," என்றார் சரித்திர வாத்தியார். "பேப்பர் ரிஜிஸ்டரை ரஷ்யாவிலேருந்து எவன் திறக்க முடியும்?"

"இதையும் இனி எவனும் திறக்க முடியாது. நோவோசிபிர்ஸ்க்ல ஒருத்தன் பூட்டின கதவுல முட்டிக்கிட்டு நிப்பான், பாருங்க." சைகல் இன்னொரு போர்சோக்கைத் தேனில் தோய்த்தாள்.

இருந்தாலும் அவள் அசட்டையாக இருந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து யார் நுழைந்தாலும் தன் போனுக்குச் செய்தி வரும்படி செய்து வைத்தாள்.

மறு வாரம், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது போன் சிணுங்கியது.

நோவோசிபிர்ஸ்க்.

சைகலுக்கு முகம் சிவந்துவிட்டது. வகுப்புக்குள் திரும்பிப் போய் லேப்டாப்பைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் துருவினாள். எங்கேயும் ஓட்டை இல்லை. வந்தவன் ஒரு தடவைகூடத் தவறாக அடித்துப் பார்க்கவில்லை. முதல் தடவையே சரியான பாஸ்வேர்டு.

உடனே புருல்சாவைப் போனில் கூப்பிட்டாள்.

"எஜே, அவன் மறுபடியும் உள்ள வந்துட்டான். எப்படின்னே புரியல. புது பாஸ்வேர்டு உங்களைத் தவிர யாருக்குமே தெரியாதே!"

"ஐயோ, அந்தப் படுபாவியா!" புருல்சாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். "அவன் நல்லா இருப்பானா?"

"யாரு, அவனா? டீச்சர்கிட்ட சொல்லு, விடவே கூடாது!" பக்கத்தில் ஜோல்டோஷ் உறுமுவது போனில் தெளிவாக விழுந்தது.

"பாஸ்வேர்டே வேண்டாம் எஜே. அந்த ஊர்லேருந்து யாரும் வர முடியாதபடி மொத்தமா அடைச்சிடறேன். ஒரே ஒரு பட்டன்தான். அழுத்தட்டுமா?"

"இருங்க, இருங்க டீச்சர். இங்க சரியா கேக்கல. வெளிய வர்றேன்."

செருப்புச் சத்தம். கதவு சாத்தப்படும் சத்தம். எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"எஜே? லைன்ல இருக்கீங்களா?"

புருல்சாவின் குரல் இப்போது கிசுகிசுப்பாக வந்தது.

"இன்னிக்கு ஆக்மரல் கணக்குல அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கா டீச்சர். அவர் அதைப் பார்த்துட்டாரா?"