இருமல் மருந்தில் தைலம்

"அடுத்து, நம்ம தைலம்!"

மெடல் மைக்கில் சொன்னதுமே விசில் பறந்தது.

பார்மசி கல்லூரியின் கடைசி வருட மாணவர்களுக்கு அன்று பிரிவு உபசார விழா. பழைய கதைகளைக் கிளறி ஒவ்வொருத்தர் மானத்தையும் வாங்கும் பொறுப்பு மெடலிடம். காலையில்தான் தங்கப் பதக்கத்தோடு அந்தப் பேரையும் வாங்கியிருந்தாள். இன்னும் கழற்றவில்லை. கேட்டால், "பெட்டியில வச்சுப் பூட்டவா இவ்ளோ படிச்சேன்?" என்பாள்.

தைலம் என்பது, அம்மாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நெட்டையன். பேர் எப்படி வந்தது என்று வகுப்புக்கே தெரியும். தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதில்தானே சுகம்.

"முதல் வருஷம், முதல் பிராக்டிகல்! ஆளுக்கொரு பாட்டில் இருமல் மருந்து செய்யணும். எனக்கும் இவனுக்கும் ஒரே மேஜை. எனக்கு அன்னைக்குன்னு பார்த்து மூக்கடைப்பு, ஒரு வாசனையும் தெரியல. நம்ம தராசு மேடம் ஒவ்வொரு பாட்டிலா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாங்க. பெப்பர்மின்ட் ஊத்த வேண்டிய இடத்துல யாரோ ஒரு புண்ணியவான் மூட்டு வலிக்குத் தேய்க்கிற தைலத்தை ஊத்தியிருக்கான்! குடிச்சவன் நேரா மேலதான்!"

அரங்கம் குலுங்கியது.

"யாரோடதுன்னு மேடம் சொல்லவே இல்ல. எல்லாத்தையும் தொட்டியில கொட்டுங்க, மறுபடி செய்யுங்கன்னுட்டாங்க. சாப்பாடும் போச்சு. ஆளாளுக்கு முறைச்சுக்கிட்டு நிக்கிறோம், இந்த மகான் கையைத் தூக்கி, 'என்னோடதுதான்'னான் பாருங்க! அன்னைக்கே முடிவு பண்ணேன், என்ன ஆனாலும் இவனை மாதிரி மட்டும் ஆகக் கூடாதுன்னு. இதோ, மெடல்!"

பதக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டல். தைலமும் சேர்ந்து தட்டினான். அவனுடைய அம்மாதான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த பெரிய மருத்துவமனையின் தலைமை மருந்தாளுநர். இருந்த ஒரே வேலைக்கு அன்று காலையில் அவர்தான் இன்டர்வியூ நடத்தினார். தைலத்தை ஏறக்குறைய முடிவும் செய்திருந்தார். தைலத்துக்கோ இதை விட்டால் கைவசம் வேறு வேலை இல்லை.

மெடல் மேடையை விட்டு இறங்கியதும் தோழி பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்காடி? அவரை வச்சுக்கிட்டா இந்தக் கதை? அவன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

"நான் என்ன இல்லாததையா சொன்னேன்?" என்றாள் மெடல். ஆனால் முகம் வாடிவிட்டது.

அதற்குள் அந்தத் தலைமை மருந்தாளுநர் தைலத்தைக் கூப்பிட்டுவிட்டார். தராசு மேடமும் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, அந்தப் பாட்டில் உங்களோடதா?"

மேடம் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவன் முந்திக்கொண்டான்.

"ஆமா சார்."

"மருந்து விஷயம். விளையாட்டு இல்ல."

"தெரியும் சார். அன்னையிலேருந்து பாட்டிலை எடுக்கும்போது ஒரு தடவை லேபிள் படிப்பேன், ஊத்தும்போது ஒரு தடவை, திருப்பி வைக்கும்போது ஒரு தடவை. பக்கத்துல நிக்கிறவங்க பாட்டிலையும் படிச்சிடுவேன்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் கவுன்டர்ல தப்பே பண்ணாதவன்னு எவனும் கிடையாது. தப்பை மறைக்கிறவன்தான் ஆளைக் கொல்லுவான். அத்தனை பேர் முறைக்கும்போது என்னோடதுன்னு சொல்ற ஆளைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை வந்து சேருங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மெடல் ஓடிவந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"தப்பு பண்ணதுக்கு வேலையாடா? கொடுத்து வச்சவன்டா நீ! உயிரே இப்பதான் வந்துச்சு. எல்லாரும் மேடைக்கு வாங்க, போட்டோ!"

அவள் போனதும் மேடம் அவனைத் தூணோரம் இழுத்தார்.

"உன் பாட்டில்ல பெப்பர்மின்ட் வாசனைதான் வந்துச்சு. முகர்ந்து பார்த்தவ நான். அன்னைக்கு நீ கையைத் தூக்கினதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இல்லன்னு சொன்னா, அப்போ யாருன்னு கேப்பாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். இத்தனை வருஷமா நீயும் வாய் திறக்கலையே!"

"பாட்டிலை மாத்தி எடுத்ததை நான் பார்த்தேன் மேடம். லேபிளைப் படிக்கத்தான் எனக்கும் தோணல. ஊத்தி முடிச்சப்புறம்தான் உறைச்சது. அப்போ பாதித் தப்பு என்னோடதுதானே?"

"அதுக்காக?"

"அன்னைக்குக் காலையில வீட்டுக்கு போன் பண்ணி, 'எனக்கு இந்தப் படிப்பு வராது, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு அவ ஒரே அழுகை. அழுது அழுது மூக்கெல்லாம் அடைச்சுக் கிடந்தது. இதுவும் தன்னோடதுதான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பா மேடம்."

மேடம் அவன் தோளில் கை வைத்தார். "இப்பவாவது சொல்லிடலாமேப்பா. இனிமே என்ன ஆகிடப் போவுது?"

மேடையிலிருந்து குரல் வந்தது. "டேய் தைலம், சீக்கிரம் வாடா! உன்னாலதான் எல்லாம் லேட்டு!"

அவன் சிரித்துக்கொண்டே மேடையைப் பார்த்தான்.

"வேண்டாம் மேடம். போட்டோ எடுக்கிற நேரம், அந்த மெடல் அவ கழுத்துல நேரா இருக்கட்டும்."