மீதி பூஜ்யம்

மணிக்கட்டில் பிறப்பு எண்ணைப் பச்சை குத்த ஆரம்பித்த நாளிலிருந்து ஊருக்கு ஒரே சட்டம்தான். ஒன்றைத் தவிர வேறு ஏதாவது ஓர் எண் இருவர் எண்ணையும் மீதியில்லாமல் வகுத்தால் அவர்கள் பங்காளிகள். கட்டிக்கொள்ளக் கூடாது. மீறினால் வெட்டு.

மகளின் எண்ணையும் அவள் கட்டிக்கொண்டு இழுத்து வந்த நவிலனின் எண்ணையும் ஏழு வகுக்கிறது என்று தெரிந்ததும், வேலாண்டி அவனை வாசலிலேயே வெட்டிச் சாய்த்தார். கோலம் இருந்த இடம் தெரியவில்லை.

அரிவாளை மகன் வீரபாகுவிடம் நீட்டினார். "இவளையும் முடிச்சிரு. என் எண் இருபத்து நாலு கோடியே ஒண்ணு. பதினொண்ணு வரைக்கும் எதுலயும் சிக்காத எண்ணுடா. எனக்குப் போய் இப்படி ஒரு கழுதை."

அவர் மனைவி பூமயில் மகளை மறைத்து நின்றாள். தன் கல்யாணத்துக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்து, இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை இப்போது சொன்னாள்.

"பெருசுங்க சோம்பேறித்தனத்துல வகுத்துப் பாக்குறத பதினொண்ணோட நிறுத்திட்டாங்க. பத்தொன்பதால வகுத்துப் பாருங்க. உங்க எண்ணையும், என் எண்ணையும்."

வேலாண்டி ரத்தம் ஒட்டிய விரலாலேயே சுவரில் வகுத்தார். நம்பாமல் மறுபடியும் வகுத்தார். இரண்டிலும் மீதி பூஜ்யம்.

"பங்காளிக்குள்ள கட்டினா என்னப்பா செய்யணும்?" என்று வீரபாகு கேட்டான். சின்ன வயதில் பாடம் ஒப்பித்த அதே குரல். தங்கச்சியை விட்டுவிட்டு, அரிவாளோடு அப்பா அம்மா பக்கம் திரும்பினான்.

பூமயில் மகளை வீட்டுக்குள் தள்ளி, கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.