எலி நடக்கிறது

ஆய்வுக்கூட மேசையில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. காலையிலிருந்து நின்றே கால் மரத்துப்போன ஆராய்ச்சிக்காரி, கடற்பாசியிலிருந்து எடுத்த ஜெல்லைக் கையுறை விரலால் அழுத்திப் பார்க்கிறாள். முறிந்த எலும்பின் இடைவெளியில் வைத்தால், புது எலும்பு இதைப் பற்றிக்கொண்டு வளரும். அப்படி வைத்துத் தைத்த எலி கூண்டுக்குள் நாலு காலையும் ஊன்றி நடக்கிறது. இந்தச் சிகிச்சை மனிதர்களுக்கு வர இன்னும் ஏழெட்டு வருஷமாவது ஆகும். செல்போன் அதிர்கிறது. எட்டு மாதமாகத் தொடை எலும்பு கூடாமல் படுத்திருக்கும் அக்கா.

"என்னடி, உன் எலி நடக்குதா?"

"நடக்குதுக்கா."

அந்தப் பக்கம் ஊன்றுகோல் கட்டிலில் இடிபடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

"குடுத்து வச்ச எலி."