கரிம்பன்

அவள் கவுனை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

கழுத்தில் தொடங்கி மார்பு வரைக்கும் கரிம்பன். கடுகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். மூக்கில் ஏறும் ஈரவாடை.

நாளை ஞாயிறு. மகள் அபிஷாவுக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். இந்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளை பீடத்தின் முன் நிற்க வேண்டும்.

மூத்தவளுக்குத் தைத்தது. நடுவில் ஒரு முறை ரெஜிலாவின் மகள் இரவல் வாங்கிப் போட்டாள்.

ரெஜிலா, கணவனின் தங்கை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனான். அதிலிருந்து இவள் புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் தங்கை வீட்டில்தான்.

கவுன் துணிப்பையில் திரும்பி வந்தது. இவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரெஜிலா கைபட்டதைத் தொடப் பிடிக்காமல், படுக்கையறைச் சுவர் அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டாள்.

இப்போது போனை எடுத்தாள்.

"கவுனை என்ன செஞ்ச?"

"ஏன் மைனி?"

"கரிம்பன் அடிச்சுக் கெடக்கு. ஈரத்தோட மடிச்சுத் தந்திருக்க."

"இல்ல மைனி. நல்ல வெயில்ல காயப்போட்டு, இஸ்திரி போட்டுல்லா..."

"பொய் சொல்லாத. எம்பிள்ளைக்கு நல்ல நாளு வரக்கூடாதுன்னு நெனச்சு தந்திருக்க."

"ஐயோ மைனி, அப்படிச் சொல்லாதீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கடவுள் ஒன் வீட்டுல கைய வச்சது சும்மாவா?"

ரெஜிலா போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இவள்தான் அணைத்தாள்.

வாசலில் கணவன் பெர்க்மான்ஸ் நின்றிருந்தான். கோயிலுக்குத் தோரணம் கட்டப் புறப்பட்டவன்.

"அவ எனக்குத் தங்கச்சி" என்றான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அவள் கவுனைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனாள். நனைக்கும் முன் பழைய பல் பிரஷால் தட்டித் தட்டி உதறினாள். உதிர்வதை முதலில் உதிர்த்துவிட வேண்டும். நனைத்துவிட்டால் நூலுக்குள் இறங்கிவிடும்.

எலுமிச்சை பிழிந்தாள். பொடித்த உப்பைச் சேர்த்துக் குழைத்தாள். ஒவ்வொரு புள்ளியாகத் தடவித் தேய்த்தாள்.

சொன்னது சரிதான்.

தேய்த்தாள்.

இன்னும் சொல்லியிருக்க வேண்டும்.

மழை விட்டு, மதியம் வெயில் வந்தது. சாறு ஊறிய கவுனை வெயிலில் விரித்தாள். வெந்நீரில் அலசினாள். போகாத இடத்தில் மறுபடி உப்பு, மறுபடி வெயில். பின்னல் ஓரத்தில் பிடிவாதமாக இருந்தவையும் மெல்ல வெளுத்தன. கொடியில் மாட்டியபோது கவுன் பார்க்கப் புதியதாக இருந்தது.

நாளைக்கு அவர் போடும் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.

அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையை உருவினாள்.

முதுகில் கறுப்புப் புள்ளிகள்.

அதற்குக் கீழே இருந்த வேட்டியை எடுத்தாள். மடிப்போரம் முழுக்கக் கரிம்பன். உறைக்குள் இருந்த கல்யாணப் புடவையை இழுத்தாள். முந்தானையில் அதே கடுகு.

இவை எதுவும் ரெஜிலா வீட்டுக்குப் போனதில்லை.

கையை உள்ளே விட்டுப் பின்சுவரைத் தொட்டாள். ஈரச் சுண்ணாம்பு மாவாக விரலில் ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் அங்கேதான் ஓடுகிறது.

கட்டிலில் உட்கார்ந்தாள்.

போன் பக்கத்தில் கிடந்தது. எடுத்தாள். கடைசியாகப் பேசிய பெயர் மேலேயே இருந்தது.

திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு எழுந்து வேகமாக வேலை செய்தாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். சட்டையையும் வேட்டியையும் ஊறப்போட்டாள். புடவையை உதறிக் கட்டிலுக்கு அடியில் பரப்பினாள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் தட்டுகளைத் துடைத்தாள். சுவரைத் துடைத்தாள். கண் எரிந்தது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து ஃபேனை முழு வேகத்தில் சுழல விட்டாள்.

அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

வாசலில் யாரோ குடையை மடக்கும் சத்தம்.

ரெஜிலா.

கண் இமைகள் தடித்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு நடையிலேயே நின்றாள்.

இவள் படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"என் தப்புதான் மைனி" என்றாள் ரெஜிலா. "காலைல இருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கேன். காயப்போட்டது ஞாபகம் இருக்கு. ஆனா ஓரத்துல ஈரம் இருந்திருக்கும். பாக்காம மடிச்சிருப்பேன்."

இவள் விரல்களில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு நல்ல நாளு. மனசுல ஒண்ணும் வச்சிராதீங்க மைனி."

ரெஜிலாவின் பார்வை பின்வாசல் கொடிக்குப் போனது. கிட்டே போனாள். கவுனின் கழுத்தைத் தொடாமல், குனிந்து பார்த்தாள். முகம் தெளிந்தது.

"ஒரு புள்ளி இல்லியே. எப்படிப் போக்குனீங்க?"

"எலுமிச்சையும் உப்பும். அப்புறம் வெயில்ல போடணும்."

"அப்புறம் வராதா மைனி?"

மூடிய கதவுக்குப் பின்னால் ஃபேன் இரைந்து சுற்றியது.

"இனிமேலாவது ஈரத்தோட மடிச்சு வைக்காத, கேட்டியா" என்றாள் அவள்.

ரெஜிலா தலையாட்டினாள்.

"சரி மைனி."