ஒன்பதாம் தேதி செத்தவர்

காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் ஆம்ப்ரோஸ் த்வெய்ட் தான் இறந்துபோன விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

பொட்டலம் மனைவி கெசியாவின் பெயருக்கு வந்திருந்தது. அவள் அடுப்படியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்ததால் அவரே பிரித்துவிட்டார்.

உள்ளே கறுப்புக் கல்லில் இழைத்த, மார்பில் குத்திக்கொள்ளும் ஒரு புரூச். நடுவில் கண்ணாடி. அதற்குள் நரைத்த முடியை இழை இழையாகப் பின்னி, தலைகவிழ்ந்த மரம் ஒன்றைச் செய்திருந்தார்கள். மரத்தடியில் இரண்டு முத்துகள்.

விட்பி ஊரில் செத்த புருஷனின் முடியோடு இப்படி ஒன்று குத்தாத விதவை கிடையாது.

பின்பக்கத் தங்கத்தில் செதுக்கியிருந்தது: ‘ஆம்ப்ரோஸ். மார்ச் 9, 1881. என் கண்ணீர் ஓயாது.’

அன்று மார்ச் பதினெட்டு.

அவர் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். அங்கிருந்த சொட்டை போன மாதம் வந்த காய்ச்சலில் விழுந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

கெசியா மீன் தட்டோடு வந்தாள். புரூச்சைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன்பதாம் தேதி நான் ரெண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டேனே, கெசியா.”

“அது டாக்டர் குறிச்ச நாளுங்க. கடைக்காரர் எட்டாம் தேதியே தர்றேன்னாரு. சொன்ன நாளுக்கு அவரும் தரல, நீங்களும் போகல.”

“ரெண்டே சொட்டுக் கண்ணீர்தானா எனக்கு?”

“பெரிய முத்துங்க அது.”

கறுப்புக் கவுனுக்கு அளவு கொடுத்ததை அவள் சொல்லவில்லை.

ஆம்ப்ரோஸ் எழுந்து உள்ளறைக்குப் போனார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் இப்படிச் சாப்பாட்டை விட்டு எழுந்ததில்லை. தொப்பியை எடுக்கத்தான் போகிறார், இனி தன் அக்கா வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று கெசியாவுக்குத் தோன்றியது. தூங்குகிறவர் தலையில் கத்தரி வைத்த பாவம்.

இழுப்பறைப் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்து ஒரு சின்ன மோதிரத்தை மேசைமேல் வைத்தார். மேலே நீலப் பூ. மறக்கமாட்டேன் என்று அர்த்தமுள்ள பூ. நடுவே பொட்டுக் கண்ணாடிக்கு அடியில் செம்பட்டை முடி.

கெசியாவின் தலை வெளுத்தே பத்து வருஷம் ஆகிறது.

உள்வட்டத்தில் அவள் பெயரும் 1858 என்ற வருஷமும் இருந்தன. இறந்த நாளும் மாதமும் செதுக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“நம்ம கல்யாணம் ஆன வருஷமாச்சே இது.”

“ஆமா. ரெண்டாவது வாரம்.”

“எனக்கு அப்ப ஒரு சீக்கும் இல்லையேங்க.”

ஆம்ப்ரோஸ் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தேவாலயத்துலேருந்து வர்ற வழியில ரெண்டு தடவ தும்முன.”