தூரத்துச் சித்தப்பா

என் நண்பன் வினோதனின் கருமாதி முடிந்த மதியம். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியே வெயில் கோடு கோடாக விழ, மின்விசிறிக் காற்றில் அவன் படத்து மாலை அசைகிறது. மோட்டார் சைக்கிளில் பிறை நகருக்கு வேலைக்குப் போனவன் லாரியில் அடிபட்டான் என்பதை வந்தவர்கள் மாறி மாறிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஏதோ ஒரு குழந்தை போட்டுவிட்ட டிவியில் சலவைத்தூள் விளம்பரம் அலறுகிறது. அவன் அம்மா குமுதா ஆன்டி, காப்பிக் கோப்பைகளை அடுக்கியபடி, நிமிராமலே கேட்கிறார்.

"அந்தத் தூரத்துச் சித்தப்பா எங்க? யாராவது அமுக்குங்கலா, காது வலிக்குது."

சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருக்கும், உண்மையிலேயே தூரத்துச் சித்தப்பாவான சிவநேசன், பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நிற்கிறார்.

"என்னையா அண்ணி?"

அது ரிமோட்டுக்கு வினோதன் வைத்த பெயர். "தூரத்துல இருந்துகிட்டே அதிகாரம் பண்ணுதுலா, வேற என்னன்னு கூப்புடுறது?" என்பான். "ஒழுங்கா ரிமோட்டுன்னு சொல்லுடா" என்று திட்டுவாரே தவிர, ஆன்டி அந்தப் பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. இன்றுதான் எடுத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆன்டிக்கும் வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவன் எப்போதும் கால் நீட்டிக் கிடக்கும் சோபாவைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே ரிமோட் மட்டும் கிடக்கிறது. சிரிப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. தோள் குலுங்குவது நிற்கவில்லை. உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் சித்தப்பா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.